புல் விரிப்புக்கு அடியில் ஒரு குளம்: களிமண் முற்றத்தின் வடிகால் கேள்வி

களிமண் நிலத்தில் தேங்கும் மழைநீரை எப்படி வடிப்பது என்ற கேள்வி வேளாண்மை அளவுக்கே பழையது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கேட்டோ எழுதிய வேளாண் நூலிலேயே அதற்கு ஒரு விடை இருக்கிறது: பள்ளம் தோண்டு, கல்லையோ மரக்கிளையையோ இட்டு மூடு, நீர் அதன் வழியே போகட்டும். அதே களிமண்ணின் மேல் செயற்கைப் புல் விரிப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கோ சுமார் அறுபது வயதுதான் ஆகிறது. இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். உழவருக்கு வேண்டியது வேர் மூச்சுவிடும் அளவுக்குக் காய்ந்த மண். செயற்கைப் புல்லுக்கு வேரே கிடையாது. அதை விரிப்பவருக்கு வேண்டியவை வேறு: மழை விட்ட சிறிது நேரத்தில் மேலே நீர் நிற்கக் கூடாது, அடித்தளம் அங்கங்கே அமிழக் கூடாது, தேங்கிய நீர் நாறக் கூடாது. ஒருவருக்குச் சொன்ன விடையை மற்றவர் அப்படியே எடுத்துக்கொண்டதில்தான் இன்றைய குழப்பங்களில் பெரும்பகுதி பிறந்திருக்கிறது என்று கருத இடமுண்டு.

தமிழ்நாட்டு நகரங்களில் இக்கேள்வி இப்போது அவசரமாகியிருக்கிறது. வாடகைக்கு விடப்படும் 'டர்ஃப்' ஆடுகளங்கள், பள்ளி மைதானங்கள், வீட்டு முற்றங்கள் எனச் செயற்கைப் புல் வேகமாகப் பரவுகிறது. அது விரிக்கப்படும் நிலங்களில் பல, பழைய ஏரிப் படுகைகளும் நன்செய்களும் கரிசல் காடுகளும்தாம். இந்த நிலங்களுக்கு முன்வைக்கப்படும் விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுக்கி விழுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. களிமண்ணில் வடிகாலைத் தீர்மானிப்பவை இரண்டே: களிமண்ணின் மேற்பரப்பே வாட்டமாக வெட்டப்பட்டிருக்கிறதா, அந்த வாட்டத்தின் முடிவில் நீர் வெளியேற அதைவிடத் தாழ்வான வாய் ஒன்று இருக்கிறதா. கல், குழாய், துணி எல்லாம் இவ்விரண்டுக்கும் துணை நிற்பவை என்பதே இங்கே வைக்கப்படும் வாதம்.

களிமண் ஏன் நீரை விடுவதில்லை

களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுடையது. மணல் துகளைப் போல உருண்டையாக இல்லாமல் தகடாக இருக்கும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது இடையே நிறைய நுண்துளைகள் இருந்தாலும் அவற்றின் வழியே நீர் நகர்வது மிகக் கடினம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு பாசனக் கையேட்டில் தரும் பொதுவான அளவுகளின்படி, மணல் நிலம் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் நீரை உள்வாங்கும்; களிமண் 1 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான். அதுவும் இயல்பாகக் கிடக்கும் மண்ணுக்கு உரிய கணக்கு.

நம் முன்னோர் இந்தக் குணத்தை நன்கு அறிந்திருந்தார்கள். குளத்தின் கரையில் நீர் கசியாதிருக்க எந்த மண்ணை மிதித்துக் குழைத்து இட்டார்களோ, அதே மண்தான் இன்று முற்றத்தில் இருக்கிறது. நீரைப் பிடித்துவைப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருளிடம் நீரை விடச் சொல்கிறோம் என்பதை முதலில் ஏற்றுக்கொண்டால், பின்வரும் விடைகளில் எவை வெறும் நம்பிக்கை, எவை பயன் தருபவை என்று பிரித்தறிவது எளிதாகும்.

உழவர்கள் தந்த விடைகள்

களிமண் வடிகாலைப் பற்றிய மிகத் தீவிரமான விவாதம் 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனில் நடந்தது. அதற்கு முன் வார்விக்‌ஷயரின் ஜோசப் எல்கிங்டன் 1760-களில் ஒரு முறையைக் கண்டறிந்திருந்தார். மேட்டிலிருந்து மண்ணுக்கு அடியில் வரும் ஊற்றைத் தேடிப்பிடித்து, அங்கேயே வடித்துவிடுவது அது. அந்த முறையை வெளியிட நாடாளுமன்றம் 1795இல் அவருக்கு 1,000 பவுண்டு வழங்கியது. ஆனால் ஊற்று நீரால் நனையும் நிலத்துக்குத்தான் அது பொருந்தும். வானத்திலிருந்து நேரே விழுந்து, இறங்க வழியின்றி நிற்கும் நீருக்கு அது விடையாகவில்லை.

அந்த விடையை ஸ்காட்லாந்தின் டீன்ஸ்டன் ஊரில் பஞ்சாலை நடத்திய ஜேம்ஸ் ஸ்மித் 1831இல் வெளியிட்ட சிறு நூலில் தந்தார். நிலம் முழுவதும் ஒன்றுக்கொன்று இணையாக, நெருக்கமாக, சுமார் இரண்டரை அடி ஆழத்தில் கல் நிரப்பிய வடிகால்கள் வேண்டும். இடையிலுள்ள அடிமண்ணையும் உழுது பிளக்க வேண்டும் என்றார். 1840-களில் பொறியாளர் ஜோசையா பார்க்ஸ் அதை மறுத்தார். வடிகால் நான்கு அடி ஆழம் போனால் அது எட்டும் பரப்பும் கூடும். ஆகவே இடைவெளியை அகட்டலாம், செலவும் குறையும் என்பது அவர் வாதம். 1845இல் தாமஸ் ஸ்க்ராக் செய்த இயந்திரம் சுட்டமண் குழாய்களை மலிவாக்கியது. 1846இல் அரசு நிலவடிகாலுக்குக் கடன் தரச் சட்டம் இயற்றியது. பார்க்ஸின் ஆழமான வடிகால் பெருமளவில் பரவியது. ஆனால் கனமான களிமண் நிலங்கள் பலவற்றில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பது அந்நூற்றாண்டு முடிவதற்குள் தெரிந்துவிட்டது. நான்கு அடி ஆழத்துக்கு நீர் இறங்கினால்தானே அங்கே இருக்கும் குழாய்க்கு வேலை? களிமண்ணில் நீர் மேலடுக்கில்தான், விரிசல்களிலும் மண்புழுத் துளைகளிலும் வேர்த்தடங்களிலும் நகர்கிறது. குழாயை ஆழத்தில் புதைத்துவிட்டு நீர் வரும் என்று காத்திருப்பது களிமண்ணின் போக்குக்கு எதிரானது. இந்தப் பாடம் ஏறத்தாழ 150 ஆண்டுப் பழையது. இன்றும் முற்றங்களில் மறக்கப்படுகிறது.

ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜான் ஜான்ஸ்டன் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊரில் 1838இல் சுட்டமண் வடிகாலைப் பதிக்கத் தொடங்கினார். மாசசூசெட்ஸின் கான்கார்டு நகரைச் சேர்ந்த வழக்கறிஞரும் நீதிபதியுமான ஹென்றி ஃபிளாக் பிரெஞ்ச் 1859இல் வேளாண் வடிகால் பற்றி ஒரு நூல் எழுதினார். உலகெங்கும் 'பிரெஞ்ச் டிரெய்ன்' எனப்படும் கல் நிரப்பிய வடிகாலுக்குப் பிரான்ஸ் நாட்டோடு தொடர்பு இல்லை. இவர் பெயரே அதற்கு நிலைத்தது. அதற்குச் சற்று முன், 1856இல், பிரான்சின் தீஜோன் நகரப் பொறியாளர் ஹென்றி டார்சி மணல் உருளைகளின் வழியே நீரைச் செலுத்தி அளந்து, மண்ணில் நீர் நகரும் விதியை வெளியிட்டார். வடிகால் என்பது அனுபவத்திலிருந்து கணக்குக்கு மாறியது அப்போதுதான். 1940இல் நெதர்லாந்தின் ஹூக்ஹவுட் அந்தக் கணக்கை வடிகால்களின் இடைவெளிக்குப் பொருத்தினார். மண் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நெருக்கமாக வடிகால் வேண்டும் என்பதே அதன் சாரம். இடைவெளி விஷயத்தில் பார்க்ஸைவிட ஸ்மித்தே உண்மைக்கு அருகில் இருந்தார்.

கூரைக்கு அடியில் பிறந்த புல்

செயற்கைப் புல் 1964இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் முதன்முதலாக விரிக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பெயரும் புகழும் தந்தது டெக்சாஸின் ஹூஸ்டன் நகர ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கம். 1965இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் முதலில் இயற்கைப் புல்தான் இருந்தது. கண்ணாடிபோன்ற கூரைத் தகடுகளில் பட்ட வெயில் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்ததால் அவற்றுக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சமின்றிப் புல் செத்தது. 1966இல் அங்கே மான்சாண்டோ நிறுவனத்தின் செயற்கைப் புல் வந்து, 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பெயரைப் பெற்றது.

வடிகாலைப் பற்றிப் பேசுபவருக்கு இந்த வரலாற்றில் கவனிக்க ஒன்று இருக்கிறது. இந்தப் பொருள் உலகப் புகழ் பெற்ற இடத்தில் மழையே பெய்யாது. திறந்தவெளியில், மழையில், மண்ணின் மேல் அதைப் பயன்படுத்தும் சிக்கல் பின்னால் வந்தது. உற்பத்தியாளர்கள் விரிப்பின் அடித்துணியில் துளையிட்டு அதற்கு விடை கண்டார்கள். இன்று விற்கப்படும் விரிப்புகளின் விவரத்தாள்களில் மணிக்குப் பல நூறு மில்லிமீட்டர் நீரை விடும் என்ற எண் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது விரிப்பைப் பற்றிய எண். கீழே மணிக்கு 1 மில்லிமீட்டர் உள்வாங்கும் மண் இருந்தால், விரிப்பு 500 விடுமா 800 விடுமா என்பதில் வேறுபாடு எதுவும் இல்லை. வாங்குபவர் அந்த எண்ணை முற்றத்தின் வடிகால் அளவாக எடுத்துக்கொள்வது இத்துறையில் மிகப் பரவலான, மிகச் செலவு பிடிக்கும் தவறு.

ஜல்லிப் படுக்கை என்னும் நம்பிக்கை

பெரும்பாலான ஒப்பந்ததாரர்கள் தரும் விடை ஜல்லி. மண்ணை 100 அல்லது 150 மில்லிமீட்டர் தோண்டி எடுத்து, அழுத்தி, ஜல்லி நிரப்பி, மேலே பொடி ஜல்லி பரப்பி, மீண்டும் அழுத்தி, புல்லை விரிக்கிறார்கள். மணற்பாங்கான நிலத்தில் இது நன்றாக வேலை செய்கிறது. அங்கே ஈட்டிய நற்பெயரோடுதான் களிமண்ணுக்கும் வந்திருக்கிறது. களிமண்ணில் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பொடி கலக்காத ஜல்லியில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு வெற்றிடம். 150 மில்லிமீட்டர் படுக்கை 60 மில்லிமீட்டர் மழையை வாங்கிக்கொள்ளும். நல்ல மழை ஒன்றுக்கு அது போதும். முதல் மழையில் எல்லாம் சரியாகவே தெரியும். அந்த 60 மில்லிமீட்டர் நீர் மணிக்கு 1 மில்லிமீட்டர் வீதம் இறங்க 60 மணி நேரம் ஆகும், அதாவது இரண்டரை நாள். ஆனால் அடிமண் இயந்திரத்தால் அழுத்தப்பட்டிருக்கிறது. அழுத்திய களிமண்ணின் உறிஞ்சும் வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று வைத்துக்கொண்டால் 600 மணி நேரம், 25 நாள். வடகிழக்குப் பருவமழையில் 25 நாள் மழையில்லா இடைவெளி எங்கே கிடைக்கும்? இரண்டாம் மழை நிரம்பிய படுக்கையின் மேல் விழுகிறது. மூன்றாம் மழையில் புல்லின் மேல் நீர் நிற்கிறது.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. தளம் அமிழாதிருக்க மண்ணை அழுத்தியே ஆக வேண்டும். 1933இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் புராக்டர் அணைக்கட்டுகளுக்காக மண்ணை அழுத்தும் கணக்கை வகுத்தார். மண் உறுதியாக நிற்கவும் நீர் ஊடுருவாதிருக்கவும் எந்த ஈரத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதே அங்கே கேள்வி. அணைக்கு வரமானது முற்றத்துக்குத் தடையாகிறது. அழுத்தினால் நீர் இறங்காது. அழுத்தாவிட்டால் தளம் நிற்காது. களிமண்ணில் இந்த இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது என்பதால், நீர் கீழே இறங்கும் என்ற எதிர்பார்ப்பையே கைவிடுவதுதான் நேர்மையான தொடக்கம்.

இன்னும் ஆழமாகத் தோண்டி இன்னும் அதிக ஜல்லி போட்டால் என்ன என்று கேட்கலாம். கொள்ளளவு கூடும், வெளியேற்றம் கூடாது. கலுங்கு இல்லாத குளத்தை ஆழப்படுத்துவது போலத்தான் அது. மேலும், தேங்கிய நீரில் ஊறிய களிமண் குழைந்து, மேலே ஆட்கள் ஓடும்போது சேறாக ஜல்லிக்குள் ஏறுகிறது. ஜல்லி அந்த இடத்தில் அமிழ்கிறது. அந்தப் பள்ளத்தில் அடுத்த மழை கூடுதலாகத் தேங்குகிறது. மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி இடுவது இதைத் தாமதப்படுத்தும். துணி மண்ணைப் பிரிக்கும். நீருக்கு வழி உண்டாக்காது.

ஜல்லியின் தரத்தைப் பற்றியும் ஒரு சொல். தளம் இறுகி நிற்கும் என்பதற்காகக் கிரஷர் தூளையே முழு அடித்தளமாகப் போடுவோர் உண்டு. 1892இல் அமெரிக்காவின் ஆலன் ஹேசன் வடிகட்டி மணலை ஆராய்ந்து கண்டது, நீர் செல்லும் வேகம் நுண்துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது என்பது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூற்றில் ஒன்றாகும். அழுத்திய கல்தூள் தளம் களிமண்ணுக்கு மேல் போட்ட இன்னொரு இறுகிய அடுக்காகவே நடந்துகொள்ளும். கீழே 20 மில்லிமீட்டர் சுத்தமான ஜல்லி, மேலே அதற்குள் விழுந்துவிடாத அளவில் 6 முதல் 10 மில்லிமீட்டர் சிப்ஸ் என்ற இரண்டடுக்கு முறை கூடுதல் உழைப்பைக் கேட்டாலும் பக்கவாட்டில் நீர் ஓட வழிவிடுகிறது.

மண்ணையே மாற்றிவிடலாமா

மணல் கலந்தால் களிமண் தளரும் என்பது தோட்டக்காரர்களிடையே பழைய நம்பிக்கை. சிறிதளவு மணல் கலந்தால் களிமண் தகடுகள் மணலின் இடைவெளிகளை அடைத்து, காய்ந்தபின் செங்கல்லைப் போல இறுகும். கலவையில் மணலே பெரும்பகுதியானால்தான் குணம் மாறும். அப்படியானால் அது மண்ணை மாற்றுவதே தவிரத் திருத்துவதாகாது. ஜிப்சம் இடுவதற்குக் களர் நிலத்தில் நல்ல காரணம் உண்டு: அங்கே சோடியம் களிமண்ணைக் கூழாக்குகிறது, ஜிப்சத்தின் கால்சியம் அதை வெளியேற்றுகிறது. சோடியம் மிகுதியாக இல்லாத களிமண்ணில் அந்த வேதிவினைக்குப் பெரிய இடமில்லை. மண் பரிசோதனை செய்யாமல் மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொட்டுவது வீண். சுண்ணாம்பு சேர்ப்பது வேறு வகை. அது களிமண்ணின் வீக்கத்தைக் குறைத்து வலுவூட்டும் என்பது சாலைப் பணிகளில் நிறுவப்பட்டது. வடிகால் பிரச்சினையை அது தீர்க்காது; தளத்தின் உறுதிப் பிரச்சினைக்கு உதவலாம்.

வாட்டம்

தரை போடும் கொத்தனாரிடம் கேட்டால் அவர் முதலில் சொல்லும் சொல் வாட்டம். குளியலறையிலும் மொட்டைமாடியிலும் நீர் போவதற்கு அவர் எந்த மண்ணின் உறிஞ்சும் திறனையும் நம்புவதில்லை; மட்டம் பார்த்து வாட்டம் தருகிறார், ஓரத்தில் வாய் வைக்கிறார். களிமண் முற்றமும் அவ்வாறே பார்க்கப்பட வேண்டியது. ஆனால் முற்றத்தில் வாட்டம் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான வேலைகள் பிழைபடுகின்றன. அடிமண்ணை மட்டமாக வெட்டிவிட்டு, மேலே ஜல்லியைக் கூட்டிக் குறைத்துப் புல்லின் மேற்பரப்புக்கு வாட்டம் தருவது வழக்கம். பார்வைக்கு நீர் ஓடும் தரையாகத் தெரியும். துளையிட்ட விரிப்பின் வழியே உள்ளே இறங்கிய நீரோ மட்டமான களிமண்ணின் மேல் நின்றுவிடும். நீர் உண்மையில் ஓட வேண்டிய தளம் கண்ணுக்குத் தெரியாத களிமண் பரப்புதான். அதையே 100க்கு 1 முதல் 2 என்ற வாட்டத்தில், குழி விழாமல் வெட்டி அழுத்த வேண்டும். 10 மீட்டர் நீள முற்றத்துக்கு 100 முதல் 200 மில்லிமீட்டர் இறக்கம். இப்படிச் செய்தால் அழுத்திய களிமண்ணின் ஊடுருவாத குணமே நமக்குத் துணையாகிறது. ஜல்லிக்கு அடியில் அது ஓட்டுக் கூரையைப் போல நீரை ஓரத்துக்கு அனுப்புகிறது.

அந்தத் தாழ்ந்த ஓரத்தில்தான் பிரெஞ்ச் வடிகாலுக்கு உண்மையான வேலை இருக்கிறது. களிமண்ணுக்குள் ஊறிய நீரை இழுப்பதற்காக முற்றத்தின் நடுவே குழாய் புதைப்பது பார்க்ஸின் தவற்றைத் திரும்பச் செய்வது. ஜல்லிக்குள் பக்கவாட்டில் ஓடிவந்த நீரை வாங்கி வெளியே சேர்ப்பதற்காக ஓரத்தில் துளைக்குழாய் பதிப்பது பொருத்தமானது. விளையாட்டுத் திடல்போல நீண்ட பரப்பானால், நீர் ஜல்லிக்குள் நெடுந்தூரம் ஓட வேண்டியிராதபடி இடையிடையே இத்தகைய குழாய்கள் வேண்டும். அவையும் களிமண்ணில் வெட்டிய வாட்டத்தின் தாழ்வரைகளில் அமைய வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வயல்களில் குழாய் வடிகால் களிமண்ணிலும் வெற்றி பெற்றிருக்கிறதே, முற்றத்தில் ஏன் பெறாது? வயலில் களிமண்ணைத் திறந்துவைக்கும் சக்திகள் பல: உழவு, வேர், மண்புழு, வெயிலில் வரும் விரிசல். 'மோல்' வடிகால் என்னும் முறையில், குண்டு வடிவ இரும்பை மண்ணுக்குள் இழுத்து, களிமண்ணிலேயே துளை உண்டாக்குகிறார்கள். அந்த இழுப்பில் சுற்றிலும் ஏற்படும் பிளவுகளே நீருக்கு வழியாகின்றன. செயற்கைப் புல்லின் அடியில் உழவு இல்லை, வேர் இல்லை. இருந்த பிளவுகளையும் இயந்திரம் அழுத்தி மூடிவிட்டது. வயலின் வெற்றியை இங்கே சான்றாகக் கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

சிமென்ட் தளம் போட்டு அதன்மேல் புல் விரிப்பவர்களின் தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். நீர் இறங்காது என்பதை அவர்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள், வாட்டத்தையே நம்புகிறார்கள். ஆடுவோருக்குத் தளம் கடினம், வீங்கும் மண்ணில் சிமென்ட் வெடிக்கும், விழும் மழை முழுவதும் ஒரே வீச்சில் வெளியே பாயும் என்பவை அதன் குறைகள். சிறிய, நெருக்கமான முற்றங்களில் அது பிழையான தேர்வு என்று சொல்லிவிட முடியாது.

வாட்டத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது முற்றத்துக்கு எவ்வளவு நீர் வருகிறது என்பது. 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். அந்தக் கூரையின் குழாய் முற்றத்தில் திறந்திருந்தால், முற்றத்தின் மேல் நேரே விழும் மழையைக் கணக்கிட்டு அமைத்த எந்த வடிகாலும் தோற்கும். கூரை நீரைத் தனிக் குழாயில் வெளியேற்றுவதோ தொட்டியில் சேர்ப்பதோ, செலவில் மிகக் குறைந்ததும் பலனில் மிகப் பெரியதுமான திருத்தமாகப் பல இடங்களில் அமையக்கூடும். அதைச் செய்தபின் எஞ்சும் தேக்கத்தைப் பார்த்துவிட்டுத் தோண்டுவது நல்லது.

கரிசல் எழுப்பும் வேறு கேள்வி

இதுவரை சொன்னது வீங்காத களிமண்ணுக்கு. கோவில்பட்டி, விருதுநகர், இராமநாதபுரம் வட்டாரக் கரிசலிலும் டெக்சாஸின் 'ஹூஸ்டன் பிளாக்' எனப்படும் கருமண்ணிலும் மான்ட்மோரில்லோனைட் வகைக் கனிமம் மிகுதி. நீர் தகடுகளுக்கு இடையே புகுந்து மண்ணை வீங்கச் செய்கிறது. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது. இங்கே வடிகாலின் இலக்கே மாறிவிடுகிறது. தேங்கும் நீரைவிட, ஈரம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருப்பதே பெரிய கேடு. ஒரு மூலை நனைந்து எழும்பி, மறு மூலை காய்ந்து இறங்கினால், வெட்டிய வாட்டம் சில பருவங்களில் குலைந்துவிடும். ஜல்லிப் படுக்கையை நீர்த்தேக்கமாகக் கருதும் முறை மற்ற களிமண்ணில் பயனற்றது, கரிசலில் தீங்கானது.

வீங்கும் மண்ணோடு இந்தியப் பொறியாளர்கள் நெடுங்காலம் போராடியிருக்கிறார்கள். மும்பை ஐஐடியின் ஆர். கே. கட்டி, கால்வாய்களுக்காக ஒரு முறையை வகுத்தார். கரிசலின் மேல் ஒட்டும் தன்மையுள்ள, ஆனால் வீங்காத மண்ணைத் தடிமனாக இட்டால், கீழுள்ள மண்ணின் வீக்கம் மேலே தாக்குவது வெகுவாகக் குறைகிறது. நம் ஊர்களில் மனைக்குச் செம்மண் கிராவல் அடிப்பது இதற்கு நெருங்கிய வழக்கம். ஆனால் கட்டியின் முறை ஏறத்தாழ 1 மீட்டர் தடிமனைப் பற்றிப் பேசுகிறது. முற்றங்களில் போடப்படுவது பெரும்பாலும் அதில் சிறு பங்கே. அந்தச் சிறு பங்கு எவ்வளவு காக்கும் என்பதை உறுதியாகச் சொல்வது கடினம். வீங்கும் மண்ணுக்குள் நீர் புகாதபடி நெகிழித் தாள் இட்டு, நீரை முழுவதும் ஓரத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பவர்களும் உண்டு. ஓரத்தில் ஈரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், தாளை விளிம்பைத் தாண்டி நீட்டாவிட்டால் பிரச்சினை நடுவிலிருந்து ஓரத்துக்கு இடம் மாறும், தீராது.

கரிசலில் சோதனையும் ஏமாற்றும். சித்திரை வெயிலில் குழி தோண்டி நீர் ஊற்றினால் மளமளவென்று இறங்கும், வெடிப்புகள் குடிக்கின்றன. அதைப் பார்த்து இந்த மண் நன்றாக நீர் விடுகிறது என்று முடிவு செய்தால், ஐப்பசியில் வெடிப்பெல்லாம் மூடியபின் அதே குழியில் நீர் நாட்கணக்கில் நிற்கும். பிரிட்டனில் உறிஞ்சுகுழிகளுக்கு வழிகாட்டும் பி.ஆர்.இ. 365 என்ற ஆவணம் சோதனைக் குழியை அடுத்தடுத்து மூன்று முறை நிரப்பி, அவற்றில் மிகக் குறைந்த வேகத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்வதன் பொருளை இங்கேதான் முழுமையாக உணர முடிகிறது.

நீர் போகும் இடம்

வாட்டமும் குழாயும் நீரை முற்றத்தின் ஓரத்துக்குக் கொண்டுவரும். அதற்கு அப்பால்? வரைபடங்களில் ஓர் அம்புக்குறியோடு முடிந்துவிடும் இந்தக் கேள்விதான் நடைமுறையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தெருவின் வடிகால் முற்றத்தைவிட உயரமாக இருந்தால், எவ்வளவு நேர்த்தியாகப் பதித்த குழாயும் மழைநாளில் திரும்பி ஓடும். சாலைகள் ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்ந்துகொண்டே போகும் நம் நகரங்களில் இது அரிதான நிலை அல்ல. கிராவல் அடித்து மனையை உயர்த்துவது ஒருவருக்குத் தீர்வு. நீர் அடுத்த மனைக்குப் போகிறது. அந்த வழியை வடிகால் என்று அழைக்கத் தயங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். முற்றத்து நீரை அங்கே சேர்ப்பதே முறையான வழி. ஆனால் களிமண்ணில் தோண்டிய வெறும் உறிஞ்சுகுழி, மேலே பார்த்த ஜல்லிப் படுக்கையைப் போலவே நிரம்பி நிற்கும். இத்தகைய மண்ணில் களிமண் அடுக்கைத் துளைத்துக் கீழுள்ள மணற்படுகை வரை போகும் துளையோடு கூடிய கசிவுக்குழி பரிந்துரைக்கப்படுகிறது. கீழே மணற்படுகை இருந்தால் இது களிமண் முற்றத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாய். செயற்கைப் புல்லின் இழைகளுக்கிடையே பரப்பப்படும் நிரப்புத்துகளும் நாய்ப் பூனைகளின் கழிவும் அந்த நீரோடு நிலத்தடிக்குப் போகலாமா என்பது அடுத்து எழும் கேள்வி. வடிகட்டும் தொட்டி ஒன்று இடையில் இருப்பது குறைந்தபட்சத் தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நெகிழி நுண்துகள்கள்மீது விதித்த கட்டுப்பாட்டில் ஆடுகள நிரப்புத்துகள்களையும் சேர்த்து, அவற்றுக்கு எட்டு ஆண்டு அவகாசம் தந்திருக்கிறது. வடிகால் வழியே அத்துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன என்ற கவலை அதற்குப் பின்னால் இருக்கிறது.

எந்த மழைக்கு வடிவமைப்பது என்பதிலும் அடக்கம் வேண்டும். 2015 டிசம்பர் 1ஆம் நாளை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இத்தகைய மழைக்கு எந்த முற்றத்து வடிகாலும் ஈடுகொடுக்காது. ஈடுகொடுக்கும் என்று வாக்களிப்பவரை நம்ப வேண்டியதில்லை. ஆண்டுதோறும் பலமுறை வரும் சாதாரண மழை சில மணி நேரத்தில் வடிய வேண்டும், பெருமழை வந்தால் நீர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் வெளிப்பக்கம் வழிய வேண்டும் என்பதே நியாயமான அளவுகோல்.

தீராதவை

சில கேள்விகளுக்கு இன்னும் உறுதியான விடை இல்லை. சுத்தமான ஜல்லியின் வெற்றிடங்கள், மேலிருந்து இறங்கும் தூசியாலும் நிரப்புத்துகளாலும் நம் புழுதிக் காற்றில் எவ்வளவு காலத்தில் அடையும் என்பது முதலாவது. துணியைக் குழாயைச் சுற்றிக் கட்டுவதா, பள்ளத்தைச் சுற்றி விரிப்பதா என்பதில் பணியாளர்கள் இரண்டு பிரிவாக நிற்கிறார்கள். களிமண்ணில் குழாயைச் சுற்றிய துணி விரைவில் அடைபடும் என்ற தரப்புக்கு வலு அதிகம் என்று தோன்றினாலும், மண்ணின் துகளளவைப் பொறுத்து முடிவு மாறக்கூடும். கரிசலில் எவ்வளவு தடிமனான வீங்காத மண் முற்றத்துக்குப் போதும் என்பதும் திறந்தே இருக்கிறது. வாயே கிடைக்காத தாழ்ந்த மனைகளில் தொட்டியும் மோட்டாரும் வைத்து நீரை ஏற்றுவது சாத்தியம்தான்; ஆனால் மழையும் மின்தடையும் சேர்ந்தே வரும் ஊர்களில் அதை முழுமையாக நம்ப முடியாது. அத்தகைய மனையில் செயற்கைப் புல் விரிக்காமல், மண்ணைத் திறந்துவிட்டு நீரைத் தாங்கும் செடிகளை வளர்ப்பது எளிய முடிவாக இருக்கலாம்.

எனவே, புல்லின் நிறத்தையும் இழையின் நீளத்தையும் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு டியூப் லெவல் எடுத்து, முற்றத்தின் தாழ்ந்த மூலைக்கும் நீர் வெளியேறும் இடத்துக்கும் எவ்வளவு உயர வேறுபாடு என்று அளந்து பாருங்கள். தோண்டப்போகும் களிமண் பரப்பைவிட அந்த இடம் தாழ்வாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். உயரமாக இருந்தால், ஒப்பந்ததாரரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் நீருக்கு வழி தேடுங்கள்.